படம் வரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்



சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் விடுவதாக இருந்தால் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

போன மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாற்பது, நாற்பத்தைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு குழுவாக இருக்கிறோம். மாதம் ஒருமுறை கூடுவோம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் பார்ப்போம். இந்த முறை ஒரு கண் பரிசோதனை முகாம் ஏற்பாடு செய்தோம். மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டார். முன்கூட்டிப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று ஏற்பாடு. அறிவிப்புத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால் இதுதான் கதி.

நானும் ஆசையாக உட்கார்ந்து செய்தேன். சுற்றிலும் பூக்கரை, மேலே கண் படம், நடுவில் தேதி, நேரம், இடம், பெயர் கொடுக்க வேண்டிய எண், கடைசி நாள். எல்லாம் ஒரே படமாக. எங்கள் குழுவில் பாதிப் பேர் 'குட் மார்னிங்' படங்களுக்குப் பயந்து வாட்ஸ்அப் குழுவை விட்டு ஓடியவர்கள். எனவே எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினேன். கடிதத்தில் எழுத்தாக நான் தட்டியது ஒரே வரிதான்: 'விவரம் கீழே. அனைவரும் வருக.'

முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். 'நம்ம ஆட்களுக்கு அக்கறையே கிடையாது' என்று வீட்டில் சலித்துக்கொண்டேன்.

முகாம் முடிந்த நான்காம் நாள், வங்கி வாசலில் ஒரு டீச்சரைப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் எனக்கு மூத்தவர். எழுபது தாண்டிவிட்டது. வலது கண்ணில் புரை இருக்கிறது.

"முகாம் நடந்துச்சாமே தம்பி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார்.

"மெயில் அனுப்பினேனே டீச்சர்."

"வந்துச்சு. விவரம் கீழேன்னு போட்டிருந்துச்சு. கீழே ஒண்ணும் இல்ல. ஒரு சின்னக் கட்டம், அதுல கிழிஞ்ச காகிதம் மாதிரி ஏதோ. என் போன் பழசு, அதான் வரலைன்னு நெனச்சேன். உன்கிட்ட கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாருக்கும் அதே கட்டம். பெயர் கொடுத்த பதினோரு பேரும் வாய்வழியாகக் கேள்விப்பட்டு வந்தவர்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட 'சார், படம் வரவில்லை' என்று எனக்குப் பதில் போடவில்லை. எல்லாரும் தங்கள் கைபேசியில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். என் கணினியில் திறந்து பார்த்தால் பூக்கரையோடு படம் அழகாக இருக்கிறது.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வகுப்பறையில்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதச் சொன்னால் எப்போதும் தப்பும் தவறுமாக எழுதுவான். பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பான். நானும் இரண்டு முறை அதட்டியிருக்கிறேன். அரையாண்டு முடிந்து முன்வரிசைக்கு மாற்றியபோதுதான் தெரிந்தது, அவனுக்குப் பலகையே தெரியவில்லை. 'ஏண்டா சொல்லல?' என்று கேட்டேன். 'எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் சார்' என்றான். பலகை தெரியாத பிள்ளை கையைத் தூக்க மாட்டான். தெரிகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர்தான். முப்பது வருடத்துக்கும் மேல் பாடம் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு அதே தப்பை மறுபடியும் செய்திருக்கிறேன்.

சரி, அந்தப் படத்துக்கு என்னதான் ஆயிற்று? விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மின்னஞ்சலில் படம் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, கடிதத்தோடு சேர்ந்தே போவது. உறைக்குள் புகைப்படம் வைத்து ஒட்டுவது மாதிரி. மற்றொன்று, படம் வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கும். கடிதத்தில் அதன் முகவரி மட்டும் போகும். பழைய இன்லேண்டு லெட்டர் நினைவிருக்கிறதா? உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 'போட்டோ மாமா வீட்டில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்' என்றுதான் எழுத முடியும். அந்த மாதிரி. கடிதத்தைத் திறந்ததும் நம் கைபேசி அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை வாங்கி வந்து காட்ட வேண்டும்.

நான் செய்தது இரண்டாவது. இணையத்தில் நான் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து படத்தைப் பிரதி எடுத்து அப்படியே கடிதத்தில் ஒட்டிவிட்டேன். படம் வந்து உட்கார்ந்ததாகக் கண்ணுக்குத் தெரிந்தது. உண்மையில் ஒட்டியது முகவரி மட்டும். அந்த இடத்தின் கதவு என் கடவுச்சொல்லுக்கு மட்டுமே திறக்கும். என் கணினியில் நான் உள்ளே நுழைந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கைபேசி போய்க் கதவைத் தட்டியபோது 'உள்ளே வராதே' என்று திருப்பி அனுப்பிவிட்டது. அனுப்பியவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற படம்!

இது தவிர, வேறு ஒரு காரணத்தாலும் படம் வராமல் போகும். அது குறையல்ல, பாதுகாப்பு. வெளியிலிருந்து படத்தை வாங்கி வரும்போது, யார், எப்போது கடிதத்தைத் திறந்தார்கள் என்பது படத்தை வைத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். விளம்பரக்காரர்கள் இதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு புள்ளி அளவுள்ள படத்தை வைத்து அனுப்புவது உண்டு. அதனால்தான் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவை வெளிப் படங்களைத் தாமாக எடுத்து வருவதில்லை. நாம் சொன்னால்தான் காட்டும். ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சொந்தக் கணினிகள் வழியாக வாங்கி நமக்குக் காட்டுகிறது. அதிலும் சந்தேகத்துக்குரிய கடிதம் என்று பட்டால் படத்தை நிறுத்தி வைக்கும்.

ஆகவே, படம் வராவிட்டால் பதற வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். என் வயதுக்காரர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

மின்னஞ்சலில் படம் வராவிட்டால், முதலில் கடிதத்தின் மேல்பக்கம் பாருங்கள். 'படங்கள் காட்டப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரியும், காட்டச் சொல்லும் ஓர் இணைப்பும் இருக்கும். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் தட்டுங்கள். தெரியாதவர் என்றால் தொடாதீர்கள். கடிதம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தாலும் படம் வராது. அந்த வரியே இல்லை, வெறும் உடைந்த கட்டம் மட்டும் இருக்கிறது என்றால், அதே கடிதத்தை வீட்டில் வேறொருவரின் கைபேசியிலோ கணினியிலோ உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே வந்தால் கோளாறு உங்கள் கருவியில். அங்கேயும் வராவிட்டால் பெரும்பாலும் அனுப்பியவர் பக்கம்தான் தப்பு. அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இணையப் பக்கத்தில் படம் வராவிட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாத் தளத்திலும் வரவில்லையா, இந்தத் தளத்தில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் உங்கள் பக்கம்தான். இணைய வேகம் குறைந்திருக்கலாம். டேட்டா மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏதாவது செயலி படங்களை நிறுத்தியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் உலாவியின் அமைப்புக்குள் போய்ப் படங்களை அணைத்திருக்கலாம். ஒரு தளத்தில் மட்டும் என்றால், விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்கள். பழைய சேமிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கொண்டுவரும். அதற்கும் வராவிட்டால் அதே பக்கத்தை 'இன்காக்னிட்டோ' சன்னலில் திறந்து பாருங்கள். அங்கே வந்தால், விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ ஒரு கூடுதல் நிரல் மறிக்கிறது, அல்லது பழைய சேமிப்பு குழப்புகிறது என்று பொருள்.

இன்னும் ஆர்வம் இருந்தால், உடைந்த கட்டத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, படத்தைப் புதிய தாவலில் திறக்கச் சொல்லுங்கள். 404 என்று வந்தால் அந்த முகவரியில் படமே இல்லை. 403 என்று வந்தால் படம் இருக்கலாம், உங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டிலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பக்கத்தை நடத்துபவருக்குச் சொல்வது ஒன்றுதான் வழி.

பள்ளிக்கென்று இணையப் பக்கம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் சிலர் என் நட்பில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தின் முகவரி 'சி' டிரைவில் தொடங்கினால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் தெரியும். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் இணையத்தில் பெரும்பாலான சேவையகங்கள் லினக்ஸில் ஓடுகின்றன, அவை பார்க்கும். 'ஜேபிஜி' என்பதைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு முகவரியில் சிறிய எழுத்தில் எழுதினால் உங்கள் மேசையில் வந்த படம் ஊருக்கு வராது. ஐபோனில் 2017 முதல் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 'ஹெச்இஐசி' என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் அதைக் காட்டுவதில்லை. ஜேபெக் வடிவுக்கு மாற்றி ஏற்றுங்கள்.

இவ்வளவும் வழிமுறை. இனி என் கருத்து.

இந்தச் சம்பவத்தை என் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன. அவர் பார்வையற்றவர். இப்போது நல்ல வேலையில் இருக்கிறார். கைபேசி வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எல்லாம் படிக்கிறார், எழுதுகிறார். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு ஒரு படம் வரல சார். எனக்கு எந்தப் படமும் வராது. நீங்க தினமும் காலையில அனுப்புற பொன்மொழி எனக்கு 'படம்'னு ஒரே வார்த்தையாத்தான் கேக்கும்."

நான் அவருக்கு இரண்டு வருடமாகப் பொன்மொழிப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்! ஒருநாள்கூட அவர் சொல்லவில்லை. மறுபடியும் அதே பலகை, அதே மௌனம்.

"படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற செயலி இருக்கேப்பா?" என்று சமாளித்தேன்.

"இருக்கு சார். பூக்கரைக்கு நடுவுல வளைச்சு எழுதியிருந்தா திணறும். தேதியில ஒரு எண்ணைத் தப்பாப் படிச்சுதுன்னா, வண்டி புடிச்சு வந்து பூட்டின வாசல்லதானே நிக்கணும்?"

பதில் சொல்ல முடியவில்லை.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். இணையப் பக்கத்தில் படத்தை வைக்கும் கட்டளையை மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்தது 1993இல். படம் வராவிட்டால் அதன் இடத்தில் காட்ட ஒரு மாற்று வாசகம் எழுதும் வசதி 1995இல் வெளிவந்த எச்டிஎம்எல் 2.0இலேயே இருந்தது. 1997இல் எச்டிஎம்எல் 4.0 அதைக் கட்டாயம் ஆக்கியது. அதாவது, படம் எல்லாருக்கும் போய்ச் சேராது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது, மருந்தும் கூடவே வந்திருக்கிறது. நாம்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறோம். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 42ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் ஒரு முகாம் அறிவிப்பை எழுத்தாக அனுப்ப எனக்குச் சட்டம் எதற்கு?

நாம் தமிழர்கள் எல்லாவற்றையும் படமாக அனுப்பும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினால் அடுத்தவர் கணினியில் அதே எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து கிடக்கும். பாமினியில் தட்டியது பாமினி இல்லாத இடத்தில் தெரியாது. எத்தனை வினாத்தாள்கள் அப்படிக் குப்பையாகியிருக்கின்றன! அதனால் தமிழைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் படமாக்கி அனுப்பினோம். அன்று அது புத்திசாலித்தனம். ஆனால் ஒருங்குறி வந்து, 2010இல் தமிழ்நாடு அரசே அதை ஏற்றுக்கொண்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! இன்று சாதாரணக் கைபேசிகூடத் தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுகிறது. நோய் போய்விட்டது, பத்தியத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தாக அனுப்பினால் என்னென்ன லாபம் என்று பாருங்கள். இணையம் மெதுவாக இருந்தாலும் போய்ச் சேரும். கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பார்வையற்றவர் கேட்கலாம். தொலைபேசி எண்ணைத் தொட்டாலே அழைப்புப் போகும். படத்தில் இருக்கும் எண்ணை ஒரு கையால் காகிதத்தில் குறித்து மறு கையால் தட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

'படம்தான் சார் அழகு, எழுத்தை யார் படிக்கிறார்கள்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை அழகாக இருக்கட்டும். ஆனால் முகூர்த்த நேரத்தை எழுத்திலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். இன்னொருவர், 'எழுத்தாக அனுப்பினால் யாராவது தேதியைத் திருத்திப் பரப்பிவிடுவார்கள், படத்தை மாற்ற முடியாது' என்றார். இன்றைக்குப் படத்தைத் திருத்துவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள படம் கூட வரட்டும். ஆனால் செய்தி எழுத்தில் இருக்கட்டும்.

என் அளவில் ஐந்து விதி வைத்துக்கொண்டேன். தேதி, நேரம், இடம், தொலைபேசி எண், கடைசி நாள் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். படம் வேண்டுமானால் ஒட்டாமல், கோப்பாக இணைத்து அனுப்ப வேண்டும். முகநூலில் படம் போட்டால் அதற்குரிய மாற்று வாசகத்தை எழுத வேண்டும். வாட்ஸ்அப் என்றால் படத்துக்குக் கீழே செய்தியைத் தட்ட வேண்டும். எல்லாருக்கும் அனுப்பும் முன் வேறு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, 'என்ன தெரிகிறது?' என்று கேட்க வேண்டும். 'தெரிகிறதா?' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மரியாதைக்கு 'தெரிகிறது' என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும் அல்லவா, அது மாதிரி.

டீச்சரை அடுத்த வாரம் நானே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்தத் தேதியை எங்கள் குழுவுக்கு வெறும் எழுத்தாக, மூன்றே வரியில் அனுப்பினேன். பூக்கரை இல்லை, கண் படம் இல்லை. அன்று மாலைக்குள் பத்தொன்பது பேரிடமிருந்து பதில் வந்தது. அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சலித்துக்கொண்ட அதே ஆட்கள்தான்.

கடைசியாக ஒன்று. யாராவது அனுப்பிய படம் உங்களுக்கு வரவில்லை என்றால், உங்கள் கைபேசி பழசு, உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ளாதீர்கள். 'படம் வரவில்லை, எழுத்தாக அனுப்புங்கள்' என்று பதில் போடுங்கள். வெட்கப்படாதீர்கள். நீங்கள் கையைத் தூக்கினால், தூக்கத் தயங்கிக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் பலகை தெரியும். இந்தப் பதிவில் நான் ஒரு படமும் வைக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.